மருந்தடித்த கத்தரிக்காய்

விருதுநகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய் வைத்திருப்பேன், வாட்ச்மேன் ஓடி வந்து, "சிஸ்டர், மருந்து கேஸ் ஒண்ணு வருது" என்றார். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசு மருந்துதான். வெடித்தது தாயில்பட்டியிலா, அச்சங்குளத்திலா என்றுதான் அடுத்துக் கேட்போம். கையைக் கழுவிவிட்டுப் போய், தீக்காயத்துக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்தேன்.

ஆட்டோவிலிருந்து இறக்கிய ஆளின் மேல் ஒரு பொட்டுத் தீக்காயம்கூட இல்லை. நாற்பது வயது இருக்கும். வாயோரம் நுரை. வேர்வையில் சட்டை ஒட்டிப் போயிருந்தது. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அப்புறம்தான் அந்த வாடை மூக்கில் ஏறியது. பூச்சிமருந்து.

"எம்புட்டுக் குடிச்சாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஐயோ, குடிக்கலய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கூட வந்த மனைவி. "கத்திரிக்குக் காலையில இருந்து மருந்தடிச்சாக. எதிர்காத்து. மூஞ்சில ஒரு துண்டுகூடக் கட்டல."

சட்டையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் உடம்பு முழுக்கக் கழுவி, ஊசிமேல் ஊசி போட்டோம். சாயங்காலம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அக்காவும் நானும் நிதானமாக மூச்சு விட்டோம்.

மருந்துப் பாட்டிலையும் வயர் கூடையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இன்னிக்கு அடிச்சா என்னைக்குக்கா பறிப்பீக?"

"நாளைக்குக் காலையில பறிச்சிருவோம் சிஸ்டர். லாரியில லோடு ஏத்தணும்ல."

"நாளைக்கேவா?"

"அடிக்காட்டா சொத்தை விழுந்துருமே. சொத்தைக் காயை யாரு தொடுவா? பளபளன்னு இருந்தாத்தான எடுப்பாக."

"வீட்ல நீங்க இதைத்தான் சாப்பிடுவீகளா?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். "வீட்டுக்குக் கெணத்தோரம் நாலு செடி தனியா நிக்குது சிஸ்டர். அதுக்கு அடிக்க மாட்டோம்."

அவள் எதையும் மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பதைப்போலச் சொன்னாள். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம் நான் பாதியில் மூடி வைத்தது கத்தரிக்காய்ப் பொரியல். அதையேதான் காலையில் மகளுக்கும் கட்டிக் கொடுத்திருந்தேன். ஒரு ஓட்டை இருந்தாலும் ஒதுக்கி, பளபளப்பாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது நான்தான்.

மறுநாள் எங்கள் தெருக் கடைக்காரரிடம், "அண்ணே, இது எந்த ஊர்க் காய்? என்னைக்கு மருந்தடிச்சது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மூட்டையில வருது, பிரிச்சு வைக்கேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும் சிஸ்டர்?"

பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. பயிர் வைத்தவர்களையே நேரில் கேட்டால்தான் தெரியும் என்று உழவர் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் கேட்கவே கூச்சமாக இருந்தது. வெண்டைக்காய் விற்ற ஒருவர், "வாங்குனா வாங்குங்க, இல்லாட்டி வழியை விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சீனியவரைக்காய் வைத்திருந்த அம்மா, மழைக்கு முன்னால் ஒரு தடவை அடித்ததோடு சரி என்றார். கீரைக்காரர், "இந்தக் கட்டை எடுங்க, ஓட்டை இருக்குல்ல, பூச்சியே தின்னுருக்கு" என்று நல்ல கட்டாக எடுத்துக் கொடுத்தார். யாரிடம் எதை வாங்கலாம் என்று பிடிபட்டது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் சந்தையில் ஒரு கை என்னைப் பிடித்து இழுத்தது. அந்த அக்கா! "அவுக நல்லா இருக்காக சிஸ்டர், டீ வாங்கப் போயிருக்காக" என்று சிரித்தாள். முன்னால் கத்தரிக்காய் குவிந்திருந்தது. சந்தோஷமாக ஒரு கை அள்ளினேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது வேணாம் சிஸ்டர்."

"ஏன்க்கா?"

குரலைத் தாழ்த்தினாள். "முந்தாநேத்து அடிச்சது."

அள்ளிய காயைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். என் பக்கத்தில் ஏழெட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் பையை விரித்து நின்றிருந்தாள். அதே குவியலிலிருந்து நிறுத்துப் போட்டாகிவிட்டது.

"அப்ப இவுகளுக்கு?" என்று கேட்டேன். என்னையறியாமல் சத்தமாக வந்துவிட்டது.

அந்தப் பெண் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா என் மேல் பாயப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து, பைக்குள் கைவிட்டு, காய்களை எடுத்துக் குவியலில் போட்டாள். "வேற இடத்துல வாங்கிக்க தாயி" என்றாள். சாக்கை இழுத்து எல்லாவற்றையும் மூடினாள்.

டீயோடு வந்த புருஷன், "ஏன் மூடிட்ட?" என்றார்.

"விக்கல."

"கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"லோடுல ஏத்துனா யாரு திங்காகன்னு தெரியாது. இங்கன மொகத்தைப் பாத்துக்கிட்டே எப்பிடிப் போட?"

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். டீயைக் கீழே வைத்துவிட்டு, காயைச் சாக்கில் அள்ளித் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவள் கண்ணைத் துடைத்தபடி பின்னால் போனாள். நான் காலிப் பையோடு நின்றேன்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அந்த இடம் காலியாகவே இருந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள். பாதிக் குவியல்தான், அதிலும் சொத்தை விழுந்தது நிறைய. சந்தைக்கென்று நாலு பாத்தி ஒதுக்கி, மருந்தடித்தால் பாட்டிலில் போட்டிருக்கும் நாள் கழிந்த பிறகே பறிக்கிறார்களாம். ஓட்டையைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் தாண்டிப் போனார்கள்.

"மத்த காட்டுக் காயெல்லாம்?" என்று கேட்டேன்.

"அது லோடுக்குத்தான் சிஸ்டர். வேற என்ன செய்ய?"

"எந்த ஊருக்குப் போகுது?"

உதட்டைப் பிதுக்கினாள். தெரியவில்லை. எங்கேயோ ஓர் ஊரில் என்னைப்போல ஒருத்தி, ஓட்டையில்லாததாகப் பார்த்துப் பொறுக்குவாள்.

அந்த வாரமே என்னோடு வேலை பார்க்கும் இரண்டு நர்ஸுகளை அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். வந்ததும் நல்ல காயாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். அவள் தராசைப் பிடித்தபடி, "மொதல்ல என்னைக்கு அடிச்சதுன்னு கேளுங்க. கேட்டுட்டு எடுங்க" என்றாள்.