தலைகீழாகப் பிடிக்கும் மத்தாப்பு

ஜப்பான்காரரின் கோடை வாணவேடிக்கை என்று சொல்லித்தான் மகள் எங்களை இல்-பிசார் தீவுக்கு அழைத்துப் போனாள். ஆற்றங்கரை, பெருஞ்சனம், வானம் நிறைய நெருப்பு என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கொண்டுபோய் நிறுத்தியது தன்னுடைய பக்கத்து வீட்டுப் பின்வளவில். அங்கே எங்களையும் சேர்த்து எட்டுப் பேர், இரண்டு கடதாசி விளக்கு, வெட்டிவைத்த ஒரு வத்தகப்பழம், கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி. வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

மகள் புருசனோடும் பிள்ளையோடும் அந்தத் தீவில் வீடு வாங்கிக் குடிபோய் நாலு மாதம் ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் எங்களுக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தாள். நானும் மனைவியும் நகரத்துக்குள், வில்லரேயில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அங்கிருந்து ஜான்-டலோன் சந்தைக்கு நடையில் பதினைந்து நிமிடம். கத்தரிக்காயை நானே அமுக்கிப் பார்த்து வாங்கலாம். தெருமுனையில் பேருந்து, அதைத் தவறவிட்டால் மெட்ரோ. இல்-பிசாரில் என்ன இருக்கிறது? புல்வெட்டும் இயந்திரங்கள் இருக்கின்றன. பேருந்து என்று ஒன்று உண்டு என்கிறார்கள். கோடையில் அக்கரையிலுள்ள லவாலுக்கு ஒரு படகு ஓடுகிறதாம், லவாலில் எனக்கு என்ன வேலை? தன்னோடு வந்து இருக்கும்படி மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு விடயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து என் வலது கை நடுங்கியது. முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறிய கை அது. மயிரிழைக் கோடு என்றால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இப்போது கோப்பையில் தேநீர் நிறைய இருந்தால் பாதி தட்டில். மனைவி ஒன்றும் கேட்காமல் அரைக்கோப்பையாக ஊற்றித் தரப் பழகிவிட்டாள். மகள் அறிந்தால் வில்லரேக்கு அன்றோடு முடிவு. எங்கள் வீட்டுக்கு ஏறும் படி வெளியில் வளைந்து போகும் இரும்புப் படி, பனியில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். கைபிடியை இறுக்கிப் பிடிக்காமல் ஏறமுடியாது.

ஆகவே வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அந்த வளவுக்குள் நுழைந்தேன். ஜப்பான்காரர் கைகுலுக்குவதில்லை, குனிகிறார்கள். அன்று மாலை நான் மெச்சிய ஒரே விடயம் அதுதான். வீட்டுக்காரியும் புருசனும் குனிந்தார்கள். வீட்டுக்காரியின் தாய், என் வயது இருக்கும், நீலப் பருத்தி உடுப்பில் எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்தார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. மகளோடு வந்து இருக்கிறாராம். என் மகள் அதை இரண்டு தரம் சொன்னாள்.

புல்லில் நீலப் படங்கு விரித்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு ஏறினோம். மனைவி வீட்டிலிருந்து ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தாள். எட்டுப் பேருக்கு நாற்பத்திரண்டு. அவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்து, அரைவாசி கடித்து, உறைப்பில் கண் கலங்கிச் சிரித்தார்கள். பிறகு குளிர்ந்த நூடில்ஸ் வந்தது. உப்பும் இல்லை, புளியும் இல்லை, சூடும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் மறந்துபோன இடியப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டியதும் வீட்டுக்காரி சின்னக் கட்டு ஒன்றை அவிழ்த்தாள். நிறக் கடதாசியில் முறுக்கிய நூல் போன்ற ஒன்று, ஒரு சாண் நீளம். ஆளுக்கு ஒன்று தந்தாள்.

"உதென்ன, விளக்குத் திரியோ?" என்று மகளிடம் கேட்டேன்.

"மத்தாப்பு, அப்பா. சிற்றியிலை ஜப்பான் கடையிலை தேடி வாங்கினவையாம்."

"உதையோ வாணவேடிக்கை எண்டு சொன்னனீ? எங்கட கோயில் திருவிழாவிலை வாணத்துக்குத் திரி வைக்கிறவன் உதாலை காது குடைவான்."

"மெல்லக் கதையுங்கோ அப்பா."

"அவைக்குத் தமிழ் விளங்குமோ?"

"உங்கட முகம் விளங்கும்," என்றாள் மனைவி.

மெழுகுதிரியில் பற்றவைத்தோம். மத்தாப்பு என்றால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாங்கள் ஐந்து பேரும் மேலே தூக்கி வட்டமாகச் சுழற்றினோம்; சுழலும் கையில் நடுக்கம் தெரியாது. மருமகன் எழுந்து நின்று எட்டுப் போட்டார். ஐந்தும் ஒரே நேரத்தில் அணைந்தன. நெருப்புப் பொட்டுக்கள் படங்கில் விழுந்து மூன்று ஓட்டை. ஜப்பான்காரர் மூவரும் கையைக் கீழே தொங்கவிட்டுக் குந்தியிருந்தபடி எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் மத்தாப்பு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரி விளக்கினாள், மகள் மொழிபெயர்த்தாள். இதைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும். நுனியில் ஒரு நெருப்பு மணி திரளும். கை ஆடாமல் இருந்தால் அந்த மணியிலிருந்து பொறி பூக்கும், ஆடினால் மணி விழுந்துவிடும். யாருடையது கடைசிவரை நிற்கிறது என்பதுதான் போட்டி.

கை ஆடாமல். இப்படி ஒரு வாணத்தை உலகத்தில் வேறு எந்தச் சனம் கண்டுபிடிக்கும்? வெடிக்காது, பறக்காது, மனிதனின் கையைச் சோதிக்கும். டொக்டர் செய்யவேண்டிய வேலை.

"நான் பாக்கிறன், நீங்கள் விளையாடுங்கோ," என்றேன்.

"அம்மப்பா பயம்," என்றாள் பேத்தி. அவளுக்குப் பத்து வயது. எனக்கென்று ஒன்றைப் பற்றவைத்து நீட்டியே விட்டாள். பைக்குள் திரும்பிப் போயிருந்த கை மறுபடி வெளியே வரவேண்டியதாயிற்று.

அவள் பிரெஞ்சில் எண்ணினாள். நான் வழக்கம்போல மனதுக்குள் தமிழில் எண்ணினேன். நாலில் என் மணி விழுந்தது. இரண்டாவது மூன்றில். மற்றவர்களுக்கு முப்பதைத் தாண்டியது. மூன்றாவதைப் பற்றவைக்கும்போதே விழுந்துவிட்டது.

"அம்மப்பாட கை டான்ஸ் ஆடுது," என்றாள் பேத்தி.

"காத்து," என்றேன். "சாமானும் பழசு. கடையிலை எத்தினை வருசம் கிடந்துதோ."

காற்று இல்லை. மெழுகுதிரிச் சுடர் குவளைக்குள் நேராக நின்றது.

அப்போதுதான் மனைவி எனக்கு உதவி செய்ய வந்தாள். அவள் கையில் இருந்த மணி அழகாகப் பொறி விட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். மணி விழுந்தது.

"எனக்கும் விழுந்திட்டுது," என்றாள். "மெய்தான், சாமான் சரியில்லை."

எழுபத்திரண்டு வயதில் கண்ணாடி போடாமல் ஒரே தரத்தில் ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். அது எனக்கு மட்டும் தெரிந்த விடயமாக இருந்திருக்கலாம், மகளுக்கும் தெரியும். மகள் தாயின் கையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் அதைப் பைக்குள் தள்ளப் பார்த்தேன். அது பையின் வாயைக் கண்டுபிடிக்கவில்லை.

"எப்பயிருந்து அப்பா?"

நான் வத்தகப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எப்பயிருந்து?"

"பனி தொடங்கின நேரம்."

"அந்த இரும்புப் படியிலை, உந்தக் கையோடை, ஒரு முழு விண்டர்."

"படி காலாலை ஏறுறது," என்றேன்.

"கைபிடி காலாலையோ பிடிக்கிறது?" என்றாள் மனைவி. நாலு நிமிடத்துக்கு முன் என் பக்கம் நின்றவள்.

மருமகன் தொண்டையைச் செருமினார். வீட்டுக்காரி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நூடில்ஸ் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தமிழ் விளங்காத இடத்தில் சண்டை பிடிப்பதில் ஒரு வசதியும் இல்லை என்று அன்று கண்டேன்.

வீட்டுக்காரியின் தாய் மட்டும் அசையவில்லை. அவர் இன்னொன்றைப் பற்றவைத்தார். அதற்குமுன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து, முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். முதலில் அது ஏதோ அவர்களுடைய முறை, தேநீர் குடிப்பதற்கு நூறு சடங்கு வைத்திருக்கிற சனம், மத்தாப்புக்கு ஒன்று இல்லாமலா என்று நினைத்தேன். பிறகு விரல்களைக் கண்டேன். பிடிக்குள் அடைபட்ட விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தாப்புக் கட்டில் மிச்சம் மூன்று இருந்தது. ஒன்றை நானே எடுத்தேன். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மனைவி அவள் தொடையில் தட்டினாள்.

இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்தேன். முழங்காலில் ஊன்றினேன். பேத்தி குவளையை அருகில் கொண்டுவந்து பற்றவைத்தாள். மணி திரண்டது. நடுங்கியது, ஆனால் தொங்கியது. பொறி முதலில் ஒன்று இரண்டாக வந்தது, பிறகு எண்ணமுடியாமல் வந்தது. பேத்தி பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே போனாள். நான் பதினெட்டில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். என் ஆயுளில் எண்ணிக்கையை விட்டது குறைவு. கடைசியில் மணி விழவில்லை, கறுத்துச் சுருங்கி நூலிலேயே நின்றது.

"முப்பத்தேழு, அம்மப்பா."

"உவ்வளவுதானோ?" என்றேன்.

கிழவி என்னைப் பார்த்து ஒருதரம் குனிந்தார். நானும் குனிந்தேன். வேறு என்ன செய்வது, இரண்டு கையும் வேலையில் இருந்தது.

வில்லரேக்குக் காரில் திரும்பினோம். பாலம் தாண்டியதும் மகள், "திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறம்," என்றாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். படியடியில் இறக்கிவிட்டு, நாங்கள் ஏறி முடிக்கும்வரை கார் விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றாள். நான் இடக்கையால் கைபிடியைப் பிடித்து ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோதும் நின்றாள்.

"முதல் பனிக்கு முந்திப் போவம்," என்றாள் மனைவி, கதவுத் திறப்பைத் தேடியபடி. நான் கீழே நின்ற காருக்குக் கையைக் காட்டினேன். அது சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது இல்-பிசாரில்தான் இருக்கிறோம். பேருந்து உண்மையாகவே வருகிறது, அதற்கு விருப்பமான நேரத்தில். கத்தரிக்காயை மருமகன் வாங்கி வருகிறார், அமுக்கிப் பார்க்கத் தெரியாத மனிதர். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் ஜப்பான் கிழவி பூவாளியை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறார், பாதி செருப்பில். இந்தப் பக்கம் நான் கோப்பையோடு நிற்கிறேன். இரண்டு கையாலும் பிடிப்பதால் இப்போது முழுக்கோப்பை ஊற்றச் சொல்லியிருக்கிறேன். மனைவி தேநீரில் சீனியைக் குறைத்துவிட்டாள், அது வேறு கதை.