கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசியவள்

கல்லூரியில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும், பதில் பொழிந்து தள்ளிவிடுவாள். பட்டம் வாங்கிச் சில வருஷங்கள் ஆனபிறகு அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. படித்தது மின்னணுப் பொறியியல். பார்த்ததெல்லாம் போனில் பேசுகிற வேலை. முதலில் காப்பீடு விற்றாள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அந்த ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு கார் ஷோரூமில், சர்வீஸுக்கு வண்டி விட்டவர்களைக் கூப்பிட்டு "திருப்தியா சார்?" என்று கேட்டாள். திட்டு வாங்குவதற்கென்றே வைத்த ஆள் மாதிரி. அதுவும் போனது. கடைசியில் படித்த கல்லூரியே அவளைக் கூப்பிட்டது.

"காலேஜுக்குத் தரம் போட ஆய்வுக் குழு வரப்போகுது. பழைய மாணவர்கள் இப்ப என்ன பண்றாங்கன்னு கேட்பாங்க. நீதான் நல்லாப் பேசுவியே" என்றார் வேலைவாய்ப்புப் பிரிவு மேடம். நூலகத்துக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்த அறையில் ஒரு மேசையும் ஒரு போனும் கிடைத்தன. குழு வந்து போகிற வரைக்கும்தான் வேலை.

அம்மாவோ "பொண்ணு காலேஜ்ல இருக்கா" என்று தெரு முழுக்கச் சொன்னாள். கேட்டவர்கள் விரிவுரையாளர் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அம்மாவும் அப்படியே எடுத்துக்கொண்டாள். ரேடியோவுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தன் வகுப்பையே கூப்பிட வேண்டி வந்ததுதான் கொடுமை. "கன்சல்டன்டா இருக்கேன்" என்றான் ஒருவன், அவனுக்குப் பின்னால் "அண்ணே, பார்சல் ரெடியா?" என்று யாரோ கத்தினார்கள். வகுப்பில் முதலாவதாக வந்தவள், "குழந்தை தூங்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டபோதும் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. இன்னொருவன் மட்டும் ஒளிக்கவில்லை. "செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டறேன். தொழில்நுட்ப வல்லுநர்னு போட்டுக்கோ" என்று சிரித்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் உடைந்தது. ஒருத்தி திருப்பியே கேட்டுவிட்டாள்.

"அது சரி, நீ என்னடி பண்றே?"

"காலேஜ்லதான் இருக்கேன்."

"அடிப்பாவி, லெக்சரரா? கொடுத்து வெச்சவ!"

ரேடியோ ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மீட்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருவனுடைய போன் எண்ணை மட்டும் அவள் கடைசிவரை தள்ளிப்போட்டாள். கடைசி வருஷ ப்ராஜெக்டை அவளோடு சேர்ந்து செய்தவன் அவன். பையில் புத்தகம் இருக்குமோ என்னவோ, மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டர் இருக்கும்; அதனால்தான் அந்தப் பெயர். விடுதியில் மின்விசிறி நின்றுபோனால் வார்டனே அவனைத் தேடி வருவார். நல்ல கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது என்பது வரை அவளுக்குத் தெரியும். தன் நிலைமை தெரிந்தால் என்ன நினைப்பானோ என்று கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

போனை எடுத்தது அவனுடைய அம்மா. பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல ரகசியக் குரலில் பேசினார்.

"அவன் ரூமுக்குள்ள இருக்கான்மா. வெளிய வரதில்லை. தட்டை வாசல்ல வெச்சா எடுத்துக்கறான். நீ அவன்கூடப் படிச்ச பொண்ணா? காலேஜ்லயா இருக்கே? ஒரு தடவை வந்துட்டுப் போயேன் கண்ணு. நீ சொன்னா கேப்பான்."

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னாள்.

"வீட்ல இருக்கான்னு எல்லாம் போட முடியாதும்மா. சுயதொழில்னு போடு."

"தொழிலே இல்லை மேடம்."

"உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

போட்டாள். கை கூசியது, ஆனாலும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே அவனுடைய அப்பா எதிரே இறங்கி வந்தார். பஸ் ஓட்டுகிறவர். "பாரும்மா, நீயாவது பாரு. எனக்கு அலுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். உள்ளே சின்னக் கூடம். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மூடின கதவு. அம்மா அதைக் கண்ணால் காட்டினார்.

ரேடியோ கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பழைய வாய் வந்துவிட்டது.

"டேய் மீட்டர், நான்தான். என்னடா இது, மாப்பிள்ளை மாதிரி உள்ளயே உட்கார்ந்துட்டே? நம்ம பசங்க எல்லாரும் நல்லா இருக்காங்க தெரியுமா? ஒருத்தன் கன்சல்டன்ட். எல்லாரும் எப்படியோ செட்டில் ஆயிட்டாங்க. நீயும் எழுந்து வா, எல்லாம் சரியாயிடும்."

அப்புறம் உள்ளேயிருந்து, பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல் ஒன்று வந்தது.

"அப்ப நான் மட்டும்தான் இப்படியா?"

ஆறுதல் சொல்ல வந்த இடத்தில், இருந்த குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. பின்னால் அவனுடைய அம்மா முந்தானையைப் பிடித்தபடி நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லடா. பொய் சொன்னேன். கன்சல்டன்ட்னு சொன்னவன் பார்சல் கட்டறான். போன் கண்ணாடி ஒட்டறவன் அழுதான். நான் லெக்சரர் இல்லை. உடைஞ்ச நாற்காலிங்க நடுவுல உட்கார்ந்து போன் பேசறேன். அதுவும் அடுத்த மாசம் கிடையாது. எங்கம்மாவுக்கே தெரியாது. உன்னை மாதிரி உள்ள போய்க் கதவைச் சாத்திக்க எனக்குத் தனி ரூம் இல்லை, அவ்வளவுதான்."

உள்ளே ஏதோ நகர்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவனும் வந்து உட்கார்ந்தான் போலிருக்கிறது. குரல் இப்போது கீழேயிருந்து, பக்கத்தில் கேட்டது.

"கம்பெனியில எங்களைக் கும்பலா எடுத்தாங்க, கும்பலா அனுப்பிட்டாங்க. அப்புறம் போன இடத்துல எல்லாம் ஒரே கேள்வி. இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தேன்னு. கடைசியா ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் அதையே கேட்டார்."

அந்தக் கேள்வியைத்தான் ரேடியோ காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"போயிட்டியா?" என்றான்.

"இல்லை."

"ஏதாவது பேசு. நல்லது எதுவும் சொல்லாதே. சும்மா பேசு."

அவள் பேசினாள். வார்டனின் தொப்பையைப் பற்றி, ஷோரூமில் வாங்கின திட்டுகளைப் பற்றி, பஸ்ஸில் பழைய வகுப்புத் தோழி யாரையாவது பார்த்தால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடப்பதைப் பற்றி. கதவு அன்று திறக்கவில்லை.

ஆய்வுக் குழு வந்தது, காபி குடித்தது, போனது. மேடம் மேசையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் ரேடியோ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாதே. காலையில வழக்கம்போலக் கிளம்பிப் போயிடு. வேற ஏதாவது கிடைக்கிற வரைக்கும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதனால் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாள். வேலை கேட்டுச் சில இடங்களில் ஏறி இறங்கினாள். வெயில் தாங்காத நேரத்தில் போக வேறு இடம் இல்லாமல் மீட்டர் வீட்டுப் படியேறினாள். அவனைக் காப்பாற்றப் போகிறேன் என்கிற நினைப்பெல்லாம் அவளுக்கு இல்லை. அங்கே மட்டும்தான் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

அப்படி ஒரு நாள் டப்பாவைத் திறந்தபோது கதவு கொஞ்சம் விலகியது. முகமெல்லாம் தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தான். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"உள்ள வராதே. நாறும்" என்றான்.

"எனக்கு மட்டும் மணக்குதா? பஸ்ல வந்திருக்கேன்."

அவன் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்தான், அவள் வெளியே. டப்பாவை நடுவில் வைத்தாள். அடுப்பங்கரையில் அவனுடைய அம்மா மூச்சுக்கூட விடாமல் நின்றார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. மீட்டரின் கை அப்படியே நின்றது.

அப்பா உள்ளே வந்தார், மகனைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மீட்டர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யாரும் தட்டவில்லை. ரேடியோ டப்பாவைக் கழுவி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குத் திரும்ப இன்னும் நேரம் ஆகவில்லை. சீக்கிரம் போனால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போகவிட்டாள்.