இரண்டு வாசல் வைத்த கூடாரம்

1960 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்குச் சத்தியவேட்டில் பஸ் ஏறினேன். சித்தூர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவதுதான் நோக்கம். கோயில் குளம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். ஏப்ரல் முதல் தேதி எங்கள் பக்கத்து ஊர்களைச் சென்னை ராஜ்யத்திலிருந்து எடுத்து ஆந்திராவில் சேர்த்தார்கள். பதிலுக்குத் திருத்தணி சென்னைப் பக்கம் போனது. எங்கள் வீட்டு வாசலில் வந்து ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, அது முடிந்த கதை. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை மூடிவிட்டு முழுக்கத் தெலுங்கில் நடத்தப் போவதாக வாத்தியார் சொன்னார். என் மகன் நான்காவது படிக்கிறான். இதையும் கேட்காமல் செய்ய நான் விடுவதாக இல்லை.

என் மனைவி கோவிந்தம்மா கூட வந்தாள். புத்தூரில் தங்கை வீட்டில் இறங்கிக்கொள்வது அவள் ஏற்பாடு.

ஆறரைக்கு நாகலாபுரம். கோபுரத்தடியில் பஸ் நின்றதும் நாலைந்து கூடை கத்தரிக்காய் ஏறியது. கண்டக்டர் என் காக்கிச் சட்டையைப் பார்த்தான்.

"இன்னா மாமா, சித்தூருக்கா? கோர்ட்டு கேஸா?"

"கேஸெல்லாம் இல்லப்பா. சர்க்கார மெரட்டப் போய்க்கினு கீறாரு. மிலிட்டரி இல்ல?" என்றாள் கோவிந்தம்மா.

"மிலிட்டரியா? எந்தச் சண்டையில இருந்த மாமா?"

"சண்டையில இல்ல. கொரியாவுல காவல்."

"சண்டை போடாத மிலிட்டரியா?" என்று கேட்டுக் கண்டக்டர் சிரித்தான். பஸ்ஸில் பாதிப் பேர் கூடச் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களுக்கும் இது தெரியவில்லை. 1953இல் கொரியாவில் சண்டை நின்றது. சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்று இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீன, வடகொரியக் கைதிகள் சொன்னார்கள். அவர்களைக் காவல் காக்க உலகம் கூப்பிட்டது நம் ராணுவத்தை. தென்கொரியாக்காரன் தன் மண்ணில் எங்கள் கால் படக்கூடாது என்றான். அதனால் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டுபோய் வடக்கு, தெற்கு இரண்டு கொரியாவுக்கும் நடுவில் இருந்த பொட்டல் நிலத்தில் இறக்கினார்கள். இப்படிப் போய் இறங்கிய பட்டாளம் வேறு எது என்று சொல்லட்டும். எங்கள் அதிகாரி ஒருவரைக் கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டபோது, எங்கள் தளபதி துப்பாக்கி இல்லாமல் கூட்டத்துக்குள் நடந்துபோய் மீட்டு வந்தார்.

அங்கே முள்வேலி போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு கூடாரத்தில் காவல் நின்றேன். ஒவ்வொரு கைதியையும் தனித்தனியாக உள்ளே கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பி வா என்று அவன் நாட்டு ஆள் பேசுவதைக் கேட்க வைப்பார்கள். கூடாரத்துக்குப் பின்னால் இரண்டு வாசல். ஒன்றில் போனால் ஊர். இன்னொன்றில் போனால் திரும்ப முகாம். எதில் போவது என்பது அவன் இஷ்டம். நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது, கண்ணால் கூடக் காட்டக்கூடாது. இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற எண்பத்துச் சொச்சம் பேர் எங்களோடு இந்தியாவுக்கே கப்பல் ஏறி வந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

நாங்கள் அந்தக் குளிரில் நின்றுகொண்டிருந்த அக்டோபரில்தான் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சீனாக்காரனிடம் எந்த நாடு வேண்டும் என்று கேட்கப் பட்டாளம் அனுப்பியது நம் சர்க்கார். சத்தியவேட்டுக்காரனிடம் கேட்க ஒரு பியூனைக் கூட அனுப்பவில்லை.

எட்டேகாலுக்குப் புத்தூர். கோவிந்தம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"அங்க போயி கத்தாத. நீ கத்துறதுக்குப் பயந்துக்கினுதான் நம்ம ஊர்ல எவனும் வாயத் தொறக்கறதில்ல."

பஸ் மாறினேன். அடுத்த பஸ் கார்வேட்டிநகரம் வழி. சித்தூருக்கு டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது நயா பைசா. சாலையின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. கார்வேட்டிநகரத்தில் ஏறியவர்கள் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக மாங்காய் விலையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். திட்டும்போது எந்த மொழி என்று யாரும் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குச் சித்தூர். கல்வி அதிகாரியின் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். தமிழ் நன்றாகவே பேசினார்.

"கூர்சோண்டி, உக்காருங்க. உங்க ஊர்ப் பெரியவங்க நாலு பேரு வந்து தெலுங்கு போதும்னு சொல்லிட்டுப் போனாங்களே."

"நாலு பேரு சொன்னா ஊரு சொன்னதாயிடுமா? ஒவ்வொரு வீட்டையும் கேளுங்க."

"ஒவ்வொரு வீட்டையும் எப்படிங்க கேக்கறது? ஆகிற காரியமா?"

கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்திரண்டாயிரம் பேரும் அந்தக் கூடாரத்துக்குள்ள வந்தாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "இல்ல. மூவாயிரத்துச் சொச்சம் பேருதான்."

"மத்தவங்க?"

"முகாமுக்குள்ள தலைவனுங்க இருந்தானுங்க. வரவிடல. ஊருக்குப் போறேன்னவன அடிச்சானுங்க."

"உங்க ஊர்ல அந்தத் தலைவன் யாரு?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தூரில் கோவிந்தம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்து எரிச்சலைக் கிளப்பியது.

"உங்ககிட்ட வந்தானுங்களே நாலு பேரு, அவனுங்கதான். அஞ்சாவதா என்னயும் சேத்துக்கோங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரி, வெள்ளிக்கிழமை நானே வர்றேன். புள்ளைகளோட தாயும் தகப்பனும் தனித்தனியா வந்து சொல்லட்டும். அந்த நாலு பேரும் வெளிய நிக்கணும், நீங்களும் நிக்கணும். அதிகம் பேரு எது கேக்கறாங்களோ அதுதான். தோத்தா மறுபடி இங்க வந்து கத்தக்கூடாது. ரெண்டு வாசல் வச்ச எடமா பாத்து வைங்க, தமிழுக்கு ஒண்ணு, தெலுங்குக்கு ஒண்ணு."

இரண்டு மணிக்கு பஸ். புத்தூரில் கோவிந்தம்மா ஏறிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீ எந்த வாசல்ல போவ?" என்று கேட்டேன்.

அவள் புத்தூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தங்கை மகன் தெலுங்கு படித்துச் சித்தூரில் வேலைக்குப் போயிருக்கிறான். அன்று முழுக்க அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வெள்ளிக்கெழம தெரியும். நீ காவக்காரன்யா. வெளிய நில்லு."

நாகலாபுரம் தாண்டும்போது இரண்டு வாசல் உள்ள இடம் எது என்று ஊரை மனதுக்குள் ஒரு சுற்று சுற்றிவந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாசல். அது உதவாது. ஊரிலேயே இரண்டு வாசல் உள்ளது என் மாட்டுக் கொட்டகைதான். அதிலும் பின்வாசலைக் கன்றுக்குட்டி ஓடுகிறதென்று பலகை அடித்து மூடி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஐந்து மாதம் கொரியக் குளிரில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் ஒரு வெள்ளிக்கிழமை நிற்க மாட்டேனா? அவள் எந்த வாசலில் போனாலும் நிற்பேன். ஆனால் இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும். பின்வாசல் பலகையை நெம்பினேன். மூன்றாவது ஆணி கழன்றதும் பலகை விழுந்தது. கன்றுக்குட்டி முதல் ஆளாக வெளியே ஓடியது.