மூக்கும் பருத்தியும்

எங்கள் வகுப்பில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று தெரியாது. மூக்கொழுகி என்றால் தெரியும். செந்துறையை அடுத்த சிற்றூரில் நான்காம் வகுப்புப் படித்த காலம் அது. வெயில் காலம், மழைக் காலம் என்ற பேதமெல்லாம் என் மூக்குக்குக் கிடையாது. பகலெல்லாம் ஒழுகும், படுத்தால் அடைத்துக்கொள்ளும். வாயைப் பிளந்துகொண்டு அரைத் தூக்கம் தூங்கிவிட்டு, மீதியை வகுப்பில் தூங்கினேன்.

டீச்சர் அம்மாவை வரவழைத்து, பிள்ளை இப்படியே தூங்கினால் வருஷம் வீணாகிவிடும் என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசாமல் நடந்தால் எதையோ முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். என் மூக்கைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்பதுதான் அன்றைய முடிவு.

அதற்கு முன்பு மட்டும் சும்மாவா இருந்தார்? நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாயிற்று, கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தாயிற்று. மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து ஒன்றுதான் மாயம் செய்தது. விட்ட மாத்திரத்தில் மூக்கு திறந்துகொள்ளும். கொஞ்ச நாளில் அந்தச் சொட்டு இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பனி படக் கூடாதென்று என்னைப் பருத்தி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எடுத்த பருத்தியை விலை ஏறும்வரை வீட்டுக்குள்தான் குவித்து வைப்பார்கள். அந்தக் குவியலில் பள்ளம் பறித்துப் படுத்தால் அப்படியொரு கதகதப்பு. இளவரசி மாதிரி படுத்துக்கொண்டு இரவெல்லாம் இருமுவேன்.

அம்மா என்னை அரியலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் காது மூக்கு டாக்டரம்மா ஒருவரிடம் காட்டினார். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்த அவர், "பாப்பா எங்க படுக்குது?" என்று கேட்டார்.

"பனியே அண்டாதுங்க. பருத்தி மேலதான் படுக்க வெக்கிறோம்," என்றார் அம்மா, பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "இது பனியால வர்ற சளி இல்லம்மா. தூசி ஒத்துக்காத மூக்கு இது. பருத்தித் தூசிய இழுத்து இழுத்து உள்ள வீங்கிக் கெடக்கு. மருந்து தரேன். ஆனா பருத்தியும் பாப்பாவும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது."

அம்மா கொண்டுவந்திருந்த சொட்டு மருந்தை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும், பிறகு தலையைச் சற்றுக் குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து ஸ்பிரே அடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். உடனே கேட்காது, வாரக்கணக்கில் விடாமல் அடிக்க வேண்டுமாம். விடாமல் என்ற சொல்லை அம்மாவிடம் சொல்லியிருக்கவே தேவையில்லை.

"வெல ஏறட்டும், வித்துடலாம்," என்றார் அப்பா, வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும்.

"அது ஏறுறப்ப ஏறட்டும். பருத்தி நாளைக்கே வெளிய போவுது."

"எங்க போவும்? கொல்லையில போட்டா எலி, மழை, திருட்டு. யாரு பாக்குறது?"

மறுநாள் விடிந்ததும் அம்மா பழைய புடவைகளை விரித்துப் பருத்தியை மூட்டை கட்டி, வயல்காட்டுக் கொல்லையிலிருந்த மோட்டார் கொட்டகைக்குத் தலையில் சுமக்கத் தொடங்கினார். டீக்கடையிலிருந்து திரும்பிய அப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்கினார். அன்றிலிருந்து இரவானால் பாயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே காவலுக்குப் போய்விடுவார். என் மெத்தையை அப்பா தட்டிப் பறித்துவிட்டார் என்று அழுது தீர்த்தேன்.

அம்மா அறையைக் கழுவினார், போர்வையை வெந்நீரில் அலசினார், காலையில் என் பிடரியைப் பிடித்துக் குனியவைத்து மருந்தடித்தார். "மூக்குல அடிக்கிற மருந்து மூளைக்கு ஏறிடும்," என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தினார்.

"ஏறட்டுமே. அங்கயாவது ஏதாச்சும் இருக்கட்டும்," என்றார் அம்மா.

பல நாள் ஒன்றுமே தெரியவில்லை. அம்மா அசரவில்லை. ஒருநாள் பள்ளிவிட்டு வரும்போது, தெருமுனையிலேயே எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுபடி டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது அம்மாவுக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலை. அப்பா கூட்டிப்போனார். என் மூக்கு நன்றாகத் தேறிவிட்டதாக டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா அடுக்கடுக்காகத் தும்மினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பருத்தி இப்ப எங்க இருக்கு?"

"மோட்டார் கொட்டகையிலங்க."

"காவலுக்கு யாரு?"

"நான்தாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு இருக்கறதுதாங்க உங்களுக்கும். நீங்களும் அங்க படுக்கக் கூடாது."

"வித்துட்டு வந்து காட்டுறேங்க," என்று எழுந்துவிட்டார் அப்பா.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் சளி உனக்கு வந்துடுச்சுப்பா," என்றேன்.

"ஆமா, நான்தான் வாங்கிக்கிட்டேன்," என்றார்.

செந்துறை வரும்வரை அவர் தும்மும்போதெல்லாம் கைகொட்டிச் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.