மடிப்புக் கூரைக்கு வசூல்

கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் கேட்டுப் போனால் உட்காரச் சொல்லிக் காபி கொடுப்பார்கள். பழைய கட்டடத்தைப் பழுது பார்க்க வசூல் கேட்டுப் போனால் வாசலிலேயே நிற்கவைத்து யோசனை சொல்வார்கள். தாம்பரம், பல்லாவரம் பக்கம் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும் என்பதால் உங்களை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கூரை மேல்

தேவசகாயம் சாரை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு கூரையின் மேல். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனியின் பொதுக்கூடம் அது. அறுபதுகளில் கட்டியது. காகிதத்தை விசிறி மாதிரி மடித்து வைத்தாற்போலக் கான்கிரீட் கூரை. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சுவர் முழுக்கக் காற்று வரும் சிமெண்ட் ஜாலி. ஞாயிறு காலை ஜெபம், வெள்ளி மாலை பஜனை, மற்ற நாட்களில் வளைகாப்பு, காதுகுத்து, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. என் மனைவி சாரதா பல வருடம் அங்கே தையல் வகுப்பு நடத்தினாள். அவள் போன பிறகும் அந்த வகுப்பு நேரத்துக்கு நான் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

கூடம் ஒழுக ஆரம்பித்ததும், இடித்துவிட்டுக் கீழே கார் நிறுத்த இடம் விட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று காலனிச் சங்கம் பேசத் தொடங்கியது. பழைய கட்டடங்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த சின்ன அறக்கட்டளை நடுவில் புகுந்தது. அதில் தேவசகாயம் சார் ஒருவர்தான் என்ஜினியர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகங்களில் படித்ததும், அவர் வாயால் கேட்டதும்தான்.

அன்று கூரை மடிப்புகளின் பள்ளத்தில் என்னை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் நகரவே இல்லை. நாற்காலி போட்டு உட்கார வசதியாக இருக்கட்டும் என்று எப்போதோ சங்கத்தார் பள்ளத்தைச் செங்கல் ஜல்லி போட்டு நிரவியிருந்தார்கள். ஸ்குரூடிரைவரால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மழைத்தண்ணி போற ஓட்டையெல்லாம் பூசி அடைச்சிருக்காங்க சார். மூக்கைப் பொத்திட்டு ஏன் மூச்சு விடலைன்னு கேட்டா எப்படி? கூரை கெட்டியாத்தான் இருக்கு, காப்பாத்திடலாம்” என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்திருந்த சங்கத் தலைவர் வரதராஜன் கல்லறைத் தோட்டத்து வாசலில் என் பக்கம் வந்து, மெதுவாகத்தான் கேட்டார்: “சொன்னவரே போயிட்டாரே சார், இனிமே இந்தக் கூரைக்கு யார் கேரண்டி?”

சாம்பார் வாளி

வரதராஜனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டத்தில் என்னைப் பேச விட்டார். ஒழுங்காகப் பராமரித்தால் இன்னொரு தலைமுறை தாங்கும் கூரை என்றேன். சென்னையில் இந்த மாதிரி மடிப்புக் கூரைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்றேன். பின்வரிசையில் இருந்து ஓர் அம்மாள், “அதெல்லாம் சரி சார், எங்க வீட்டு காரை எங்க நிறுத்தறது? தெருவுல விட்டா தினம் கோடு போட்டுடறாங்க” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். எனக்குக் கார் இல்லை என்பதால் அது நியாயம் இல்லாமல் போய்விடாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைப் பழுது பார்க்கும் பணத்தை நாங்கள் திரட்டிவிட்டால் இடிப்பதில்லை என்று முடிவாயிற்று. கூட்டம் கலைந்த பிறகு வரதராஜன் என்னைக் கூடத்துக்குள் ஓர் இடத்துக்கு அழைத்துப் போய் மேலே கூரையைக் காட்டினார். பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. போன வருடம் அவர் மகளின் வளைகாப்பில் அந்தத் துண்டு பந்திக்கு நடுவே சாம்பார் வாளியில் விழுந்ததாம். “அரை அடி தள்ளி என் பொண்ணு உட்கார்ந்திருந்தா சார். அவ தலையில விழுந்திருந்தா, இது அழகான கூரைன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா?”

உபயம்

வசூலுக்கு முதலில் போனது பம்மலில் இருக்கும் ஓர் இரும்புக்கடை முதலாளியிடம். பொழிச்சலூர் பக்கம் ஒரு கோயிலின் பழைய மண்டபத்துக்கு முன்பே உதவியவர். அந்தக் கதையும் உங்களுக்குப் பழக்கமானதுதான். கல்தூண்களுக்கு யாரோ பக்தியோடு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சிற்பத்தின் கண்ணும் மூக்கும் உள்ளே புதைந்து கிடந்தன. அதைப் பொறுமையாக உரித்தெடுக்கத்தான் பணம் கேட்டோம். வேலை முடிந்ததும் வந்து பார்த்தவர், தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். “கல்லு கல்லாத்தானே இருக்கு? என் காசு எங்க தெரியுது?” என்றார். மறு மாதமே எங்களைக் கேட்காமல் மண்டபத்தில் நாலு டியூப்லைட் மாட்டினார். ஒவ்வொன்றிலும் ‘உபயம்’ என்று போட்டு, குடும்பத்தில் எல்லோர் பெயரும் எழுதியிருந்தார். எழுத்துக்கு நடுவே மிச்சமிருந்த இடத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வந்தது.

நம் தொழிலின் கஷ்டமே அதுதான். நல்லபடியாகச் செய்தால் செய்ததே தெரியாது. கூடத்துக்கு என்று கேட்டபோது, அவர் எடுத்த எடுப்பில் உள்ளே சாமி உண்டா என்றார். ஜெபமும் நடக்கும், பஜனையும் நடக்கும், மற்றபடி சாமி என்று தனியாக இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். நிஜமாகவே யோசித்தார். பிறகு கையை விரித்துவிட்டார்: “அப்ப புண்ணியத்தை யார் கணக்குல எழுதுவாங்கன்னே தெரியலையே சார்!”

எல்லம்மா

கூடத்து வாசலில் மீன் விற்கும் எல்லம்மாவிடம் நான் வசூலுக்குப் போகவில்லை. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் இருந்து காலையில் கூடையோடு வருகிறவள். அவளிடம் கேட்க எனக்கு மனம் வராது. அவளாகத்தான் கூப்பிட்டாள்.

“இன்னா சார், இத்த இடிக்கப் போறாங்களாமே? மழை வந்தா கூடையத் தூக்கிக்கினு இதுங்கீழதான நிப்பேன்? புச்சா கட்னா கேட்டுப் போட்டு வாட்ச்மேனைக் குந்த வெச்சிடுவானுங்க. அப்பறம் நான் எங்க நிக்கறது, உன் வூட்லயா?” என்றாள். பக்கத்தில் வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, ஈர நோட்டுகளைச் சுருட்டி என் சட்டைப் பையில் திணித்தாள். ரசீது போடப் பெயர் கேட்டதும் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்: “ஐயோ, பேரெல்லாம் போடாத சார்! எங்க வூட்டுக்காரன் பாத்தா, ஏது துட்டுன்னு பேஜார் பண்ணுவான்!”

கிரானைட்

தேவசகாயம் சாரின் வீடு அஸ்தினாபுரத்தில். நாற்பதாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தேன். கல்லறைக்குக் கறுப்புக் கிரானைட் போட வேண்டும், சிலுவையைத் தனியாக வரவழைக்க வேண்டும் என்று உறவினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ரோஸ்லின் அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு கூரைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டார். பாதிகூட வரவில்லை என்றேன். உள்ளே போய் ஒரு கவரோடு வந்தார். கிரானைட்டுக்காகப் பிள்ளைகள் கொடுத்த பணம். வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்றேன். ஊரில் பேசுவார்கள் என்றும் சொன்னேன். “பேசட்டும். சிமெண்ட் பலகையில அவர் பேர் இருந்தாப் போதும்” என்று கவரை என் மடியில் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்: “எங்கயாவது கூரை ஒழுகுதுன்னா அவருக்குத் தூக்கமே வராதுண்ணா. இப்பவாவது தூங்கட்டும்.”

எந்தப் பாதி

ஐப்பசி நெருங்கியும் முழுத் தொகை சேரவில்லை. இனி இடிப்பதுதான் என்று நான் மனத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது வரதராஜன் என் வீட்டுக்கு வந்தார். சங்கம் அழைத்த வேறொரு என்ஜினியர் கூரையைச் சோதித்திருந்தார். தேவசகாயம் சார் சொன்னதையே அவரும் சொன்னாராம். கூடவே, கூரை நடுவில் கட்டும்போதே ஓர் இடைவெளி விட்டிருப்பதால் ஒரு பாதியை எடுத்தாலும் மறுபாதி தானாக நிற்கும் என்றும் சொன்னாராம். வந்த பணம் ஒரு பாதிக்குச் சரியாக இருக்கும். இன்னொரு பாதியை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் விட்டால் காலனிக்காரர்களும் சம்மதிப்பார்கள். எந்தப் பக்கம் பலமாக இருக்கிறது என்று கேட்டேன். கிழக்கு என்றார். சாரதாவின் தையல் மெஷின்கள் இருந்தது மேற்கு ஜாலிச் சுவரோரம். சாயங்கால வெயில் கட்டம் கட்டமாகத் துணிமேல் விழும் இடம்.

கிழக்கையே காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டேன். வரதராஜனுக்கு அந்த மெஷின்கள் இருந்த இடம் தெரியும். அவர் மகளும் அங்கே பாவாடை தைக்கக் கற்றுக்கொண்டவள்தான். எழுந்து போய், வாசலில் செருப்பைப் போட்டபடி சொன்னார்: “இடிக்கிற அன்னிக்கு நீங்க வர வேணாம் சார். நான் கூட இருந்து பாத்துக்கறேன்.”

கூடத்தின் கிழக்குப் பாதி மழையில் ஒழுகாமல் நிற்கிறது. மேற்குப் பாதி இருந்த இடத்தில் கார்கள் நனைந்துகொண்டு நிற்கின்றன.