என் கைச் சோறு

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் ஏழு பெண்கள் வெங்காயத் தோட்டம் செய்தோம். கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. இன்றைக்கு என் தோட்டத்தில் எல்லோரும் நடுவோம், நாளைக்கு இன்னொருத்தியின் தோட்டத்தில். மத்தியானம் பூவரச நிழலில், அவரவர் கொண்டுவந்த சோறு கறி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் குழைத்து, உருண்டை பிடித்து, நீட்டிய கைகளில் வைப்பது என் வேலை. என் கைக்கு ருசி அதிகம் என்று அவர்களே சொல்லுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் தங்கையின் பிரசவத்துக்கு இரத்தம் கொடுக்கப் போனேன். என் இரத்தம் வேண்டாம் என்றார்கள். ஈரலில் ஒரு வைரஸ் கிருமி இருக்கிறதாம், அது இனி என்னைவிட்டுப் போகாதாம். கணவரையும் சோதித்தார்கள், அவருக்கு இல்லை. இரத்தம் படுகிற விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், ஒன்றாக இருந்து சாப்பிடுவதால் தொற்றாது, ஆறு மாதத்துக்கொருமுறை வந்து காட்டினால் போதும் என்று டொக்டர் சொன்னார்.

ஒளித்து வைக்க எனக்கு வராது. மறுநாளே தோட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல் என்றதும் அவர்களுக்குத் தெரிந்தது கண் மஞ்சளாகிற செங்கமாரிதான். அடுத்த நாள் ஒருத்தி கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலில் கரைத்துக் கொண்டுவந்தாள். செங்கமாரிக்கு உப்பும் எண்ணெயும் ஆகாது என்பதால், நான் தனியே பத்தியம் காக்கக் கூடாதென்று ஆறு வீட்டிலும் உப்பில்லாமல் சமைத்திருந்தார்கள். டொக்டர் பத்தியம் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வெயிலில் முறிந்து வேலை செய்துவிட்டு உப்பில்லாச் சோறு தின்கிற அன்பை என்னவென்று திட்டுவது?

ஆனால் சட்டியை மச்சாள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் என் கணவரின் அக்கா, எங்கள் ஏழு பேரில் ஒருத்தி. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட சண்டையில் மூன்று வருடமாக என்னோடு நேரே கதைப்பதில்லை. நான் களைக்கக் கூடாதாம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, தானே குழைத்தாள். களைப்பு ஒரு சாட்டு என்று எனக்கு விளங்கியது. நாலு நாள் அவள் கையால் வாங்கித் தின்றேன். இனி என் கையால் ஒருத்தியும் வாங்கமாட்டாள் என்று வீட்டில் இருந்து அழுதேன்.

ஐந்தாம் நாள் வெடித்துவிட்டேன்.

"பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ. களைப்பெண்டு ஏன் சுத்துறியள்?"

எங்களில் இளையவள், மூன்று வயதுப் பிள்ளைக்காரி, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"பயந்தான் அக்கா. வீட்டிலை பிள்ளை இருக்கு."

அவள் மீது கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை. ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாளே என்று ஆறுதலாக இருந்தது.

மச்சாள் சட்டியை என் முன்னால் தள்ளினாள்.

"உப்பில்லாமல் திண்டு நாக்குச் செத்துப்போச்சு. நீயே குழை."

என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். நான் கையைக் கழுவிவிட்டு, விரல்களில் கீறல் ஏதும் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர்களைவிட நான்தான் என் கைக்குப் பயந்துபோயிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் நீண்டது மச்சாளின் கை. பிறகு நாலு கைகள் வந்தன. இளையவள் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவளைக் கூப்பிட வேண்டாம் என்றேன்.

இரண்டு கிழமை அவள் தன் சோற்றைத் தனியே தின்றாள். பிறகு ஒருநாள் வேலைக்கு வரவில்லை. யுத்தத்தால் பஸ் ஓடாத காலம். சைக்கிள் உழக்கி ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த டொக்டருக்காகக் காத்திருந்து, என் கையால் தின்றால் தொற்றுமா என்று தன் வாயாலேயே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் இதை எனக்குச் சொல்லவில்லை, மச்சாள்தான் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, மற்றவர்களுக்கு முன்னால் குந்தினாள். பிள்ளையின் கையைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"முதல் இவளுக்கு வையுங்கோ அக்கா. சின்னனாப் பிடிச்சு."

சின்னதாய்ப் பிடித்துப் பழக்கமில்லாததில் முதல் உருண்டை உதிர்ந்துவிட்டது. இரண்டாவதைப் பிள்ளை வாங்கித் தின்றது.