அம்மா எங்கள் சுவரை இடித்த நாள்

எங்கள் ஊரில் கல் கிடையாது. தோண்டினால் களிமண் வரும், இன்னும் தோண்டினால் தண்ணீர் வரும். அதனால் வீட்டில் எது உடைந்தாலும் வெளியே எறிய மாட்டார்கள். உடைந்த அம்மி, விளிம்பு போன சட்டி, தேய்ந்த அரிவாள் எல்லாம் ஒரு மூலையில் காத்துக் கிடக்கும். புயலில் சுவர் கரைந்ததும், மிச்சம் நின்ற அடிச்சுவரின் மேல் புது மண்ணைக் குழைத்து வைக்கும்போது அவற்றையும் உள்ளே வைத்துப் பூசிவிடுவார்கள். சுவருக்குப் பலம். நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் புயலுக்குப் பஞ்சமே இல்லாததால் எங்கள் சுவர் நல்ல பலமாகவே இருந்தது.

அந்த வருஷம், கூலிக்காரர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் வீடு இருந்தது மிராசுதார் நிலத்தில். அவருடைய காரியக்காரர் தாலுகா ஆபீசுக்குப் போய், அது வீடே இல்லை, பண்ணையின் மாட்டுக்கொட்டகை, போன புயலுக்குப் பிறகு இரக்கப்பட்டு ஒதுங்க விட்டோம் என்று சொல்லிவிட்டார். இரக்கம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே ஊருக்குப் பெரிய ஆச்சரியம்.

விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கஞ்சி இறங்கவில்லை. நம்மிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை, பெரிய இடத்தோடு மோத முடியுமா, நீடாமங்கலத்தில் சித்தப்பா வீட்டோடு போய் இருந்துவிடலாம் என்றார். அம்மா பக்கத்து வீட்டில் போய் ஒரு கடப்பாரையை இரவல் வாங்கி வந்தாள்.

ஆய்வாளர் நல்ல வெயிலில் வந்தார். காரியக்காரர் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். இங்கே என்ன இருந்தது என்று இன்னொரு தடவை சொல்லும்படி அம்மா காரியக்காரரிடம் பணிவாகவே கேட்டாள்.

"மாடு கட்டுன கொட்டாய். போன வருஷம் வரைக்கும் இங்க அடுப்பே எரிஞ்சதில்ல" என்றார் அவர்.

"எழுதிக்கிட்டீங்களாங்க ஐயா?" என்று ஆய்வாளரைக் கேட்டுவிட்டு, அம்மா கடப்பாரையை ஓங்கிச் சுவரில் ஒரு போடு போட்டாள்.

அந்தச் சுவரோரம்தான் நான் படுப்பேன். பிடுங்க வந்தவர்களுக்குச் சிரமம் வைக்காமல் தானே இடித்துக் கொடுக்கிறாளே, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அழ ஆரம்பித்தேன். அப்பா தடுக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார்.

முதலில் ஓர் அலுமினியக் குண்டானின் பாதி வந்தது. போன புயலுக்குப் பிறகு அதை உள்ளே செருகியது நான்தான். அதற்குக் கீழே பாதி அம்மி. அதற்கும் கீழே, மண் கெட்டித்துக் கிடந்த இடத்தில், புகையேறிக் கறுத்த அடுப்புக் குமிழ்கள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து ஆய்வாளர் காலடியில் வைத்தாள்.

"ஒவ்வொரு புயலுக்கும் ஒரு அடுக்குங்க ஐயா. கீழ போகப் போகப் பழசு. இது என் மாமியா அரைச்ச அம்மி. இது அவங்க பொங்குன அடுப்பு. காரியக்காரரு மாடு மொளகா அரைச்சு, சோறு பொங்கித் தின்னுச்சான்னு கேட்டு அதையும் எழுதிக்குங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆய்வாளர் குனிந்து அடுப்புக் குமிழை விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. காரியக்காரர் குடையை மடக்கினார், பிறகு விரித்தார். கொஞ்ச நாளில் மனை எங்களுக்கே என்று உத்தரவு வந்தது.

அம்மிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயமும் இருந்தது. அதை மட்டும் அம்மா யாருக்கும் காட்டாமல் மடியில் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மண் குழைக்கும்போதுதான் பார்த்தேன், உள்ளே ஒரு ஜோடி கறுப்புக் கண்ணாடி வளையல். கைக்குழந்தைக்குப் போடுவது. என் பொம்மைக்காவது கொடு என்று கெஞ்சினேன். அம்மா கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து, கடைசியாகக் கலயத்தை என் தலைமாட்டுப் பக்கம் வைத்துத் தன் கையாலேயே பூசினாள்.

எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்து, நடக்கப் பழகும் முன்பே போய்விட்டாள் என்பதை எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் அப்பா சொன்னார். சித்தப்பா வீட்டுக்குப் போகலாம் என்றபோது அம்மா கடப்பாரை வாங்கப் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு நல்ல வளையல்களை எனக்குத் தராமல் அம்மா சுவருக்குக் கொடுத்துவிட்டாள் என்பதுதான்.